முப்பது கிலோவில் சேராதவை

பிடிக்காதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.
முதல் வரியிலேயே பொழுது விடிகிற கதைகள்.
கடைசிப் பக்கத்தில் எல்லோரும் திருந்திவிடுகிற கதைகள்.
பேசும் விலங்குகள்.
பேசாத விலங்குகள் என்றால் சம்மதம்.
"அன்புச் சிறுவர்களே" என்று கூப்பிடும் முன்னுரை:
அதைப் படித்ததும் எனக்குப் பதின்மூன்று வயது போய்
நாற்பதாகிவிடுகிறது.

பிடித்தவை,
சாப்பாட்டை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறவை.
திருடன் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும்போதும்
தோசைக்கு என்ன சட்னி என்று எழுதத் தெரிந்தவர்
நல்ல எழுத்தாளர்.
அப்புறம், வரைபடம் உள்ளவை.
அப்புறம், பொய் சொல்லியும்
மாட்டிக்கொள்ளாத பெண்கள்.

மஹ்பூலாவில் தமிழ்ப் புத்தகக் கடை கிடையாது.
கீழே பக்காலாவில் பரோட்டா உண்டு, தினக்காலண்டர் உண்டு,
வியாழக்கிழமை விமானத்தில் வந்த கறிவேப்பிலை
வெள்ளிக்கிழமை வாடியிருக்கும்.
புத்தகம் வருவது
யாராவது போகும்போதுதான்.

இக்காமா முடிந்தவர், வேலை போனவர்,
மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்று கிளம்பியவர்:
முதலில் சோபா விலைபோகும், பிறகு வாஷிங் மெஷின்,
பிறகு மீன்தொட்டி, மீனோடு.
யாரும் கேட்காத அட்டைப்பெட்டி ஒன்று
லிஃப்டில் தனியாக ஏறி
எங்கள் நாலாம் மாடிக்கு வரும்.
என் ரசனை என்று நான் சொல்லிக்கொள்வதில் பாதி
அடுத்தவர் எடைபோட்டுக் கழித்தது.

அப்படி வந்ததுதான் 'கணக்குப்பிள்ளையின் குடை.'
முதல் பக்கத்தில் ப. தேவசகாயம், மங்காஃப், 1998.
ஆளை நான் பார்த்ததில்லை, கையெழுத்தைத் தெரியும்.
முப்பதாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில்
"இவன்தான்!"
அறுபத்தெட்டில் அதை அடித்துவிட்டு
"இல்லை, இவள்."
நூற்றுப் பத்தில்
"டாக்டர் ஏன் இத்தனை டீ குடிக்கிறார்?"
கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை.
கணக்குப்பிள்ளை இன்றுவரை
கொன்றவர் யாரென்று தெரியாமல் கிடக்கிறார்.
எனக்குப் பிடித்த புத்தகங்களில் அது இரண்டாவது.

முதலாவது என்னுடையதாக இல்லை.
'ஏழு பூட்டுத் தீவு', கெட்டி அட்டை, மடித்துவைத்த வரைபடம்.
இரண்டாம் மாடி ஜுலைகாவுடையது.
கொடுக்கமாட்டாள்.
கை கழுவிவிட்டு, அவள் வீட்டிலேயே,
ஏசிக்கு நேர்கீழே உட்கார்ந்து படிக்கலாம்.
அவள் பக்கத்தில் இருப்பாள்.
நான் சிரிக்கும் இடத்தில் எட்டிப்பார்த்து
எந்தப் பக்கம் என்று கேட்பாள்.
ஐந்து முறை அப்படிப் படித்தேன்.

தூசிப்புயலில் பள்ளி மூடிய ஒரு நாள்
ஜன்னல் முழுக்க மஞ்சளாக இருந்தபோது
இவர்கள் எப்போது ஊருக்குப் போவார்கள் என்று
ஒருமுறை,
சத்தியமாக ஒரே ஒருமுறை
நினைத்தேன்.

பெருநாள் முடிந்த வாரம்
அவள் வாப்பாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள்.
சோபா போனது. வாஷிங் மெஷின் போனது.
பெட்டி வந்தது.
எல்லாவற்றுக்கும் மேலாக அது, துடைத்து வைத்தது போல.
எண்பத்தேழாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது.
அவளும் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

காயல்பட்டினத்திலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.
பின்னால் கோழிச் சத்தம்.
"இங்க லைப்ரரியில அதே புக்கு மூணு கிடக்குடி,
நீயே வச்சிக்க."
மூன்று.
நான் கை கழுவிய கழுவுக்கு.

வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன்.
மடிப்பு கிழிந்த இடத்தில் தீவு இரண்டாகியிருந்தது.
படிக்கத் தோன்றவில்லை.
குடையைத்தான் எடுத்தேன்.
கதை அறுந்துபோகிற நூற்று நாற்பத்துநாலாம் பக்கம்;
தேவசகாயத்தின் பென்சில் அங்கே
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு ஓய்ந்திருந்தது.
அதன் கீழே பேனாவால் எழுதினேன்,
அழிக்க முடியாதபடி:
"நான்தான்."